ஒல்லாந்தர் தங்கக் காசு சேர்ப்பவருக்கு: முதலில் ஆண்டு, பிறகு முத்திரை, அதற்குப் பிறகுதான் தங்கம்

அட்டனிலோ பதுளையிலோ ஒரு நகைக்கடைக்காரர் மெல்லிய தங்கக் காசொன்றை எடுத்து வைத்து, "ஒல்லாந்தர் காலத்துக் காசு, இனிக் கிடைக்காது" என்று சொன்னால், விலையைக் கேட்கும் முன் ஆண்டைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் கவசம் போட்ட வீரன் நிற்பான். ஒரு கையில் வாள், மற்றக் கையில் அம்புக் கட்டு. ஆண்டின் நான்கு இலக்கங்களும் இரண்டிரண்டாகப் பிரிந்து அவனுக்கு இரு பக்கமும் நிற்கும். அது 18 என்று தொடங்கினால், இலங்கையை ஆண்ட ஒல்லாந்தருக்கும் அந்தக் காசுக்கும் தொடர்பில்லை. கரையோரம் 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கண்டி இராச்சியமோ ஒல்லாந்தர் கைக்கு வந்ததே இல்லை. ஒல்லாந்தக் கம்பனி இங்கே சாதாரண சனங்களிடையே புழங்கவிட்டது செம்புக் காசைத்தான். நாம் இன்றும் சொல்லும் "துட்டு" அந்த டச்சுச் செம்புக் காசின் பெயரிலிருந்து வந்த சொல்.

ஆகவே "ஒல்லாந்தர்" என்ற கதைக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டாம். இந்தக் காசின் பெறுமதி, லென்ஸ் இல்லாமல் தெரியாத சின்ன முத்திரைகளில் இருக்கிறது.

எதைச் சேர்க்கிறோம்

வீரன் நிற்கும் காசுக்கு டூகாட் என்று பெயர். எடை 3.494 கிராம். ஆயிரத்தில் 983 பங்கு தங்கம், அதாவது 23.6 கரட். (நுவரெலியாக்காரர் சந்தைக் கரட்டைக் கொஞ்சம் மறந்துவிட்டு வாசிக்கவும்.) அகலம் சுமார் 21 மில்லிமீட்டர், கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விரலால் அழுத்தினாலே வளையும் அளவுக்கு மெல்லியது. இதில் முகமதிப்பு எதுவும் எழுதியிருக்காது. இது ஒரு நாட்டுக்குள் செலவு செய்ய அடித்த பணமல்ல. பால்டிக் கரையிலும் ரஷ்யாவிலும் துருக்கியிலும் வியாபாரிகள் நிறையையும் தரத்தையும் நம்பி வாங்கிய வணிகக் காசு. 1586இல் தொடங்கிய அந்த நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்பதால்தான் நூற்றாண்டுகள் போயும் வீரனின் உருவத்தை அவர்கள் பெரிதாக மாற்றவில்லை.

இரண்டாவது வகை அதிகம் பேசப்படாதது. 1847இல் நெதர்லாந்து வெள்ளியையே அடிப்படைப் பணமாக்கிச் சட்டம் போட்டது. அதோடு தங்கக் காசு, நிறைக்கு விற்கும் வணிகக் காசாக மட்டும் நின்றது. தங்க வில்லெம், அரை வில்லெம், இரட்டை வில்லெம் என்பவை அப்போது வந்தவை. தங்க வில்லெம் 6.729 கிராம், ஆயிரத்தில் 900 பங்கு தங்கம். எண்ணிக்கை மிகக் குறைவு. இலங்கையில் ஒன்று கண்ணில் பட்டால் உண்மையா என்று சந்தேகப்படுவதே முதல் வேலை.

மூன்றாவது, 1875இல் தங்கத்துக்குத் திரும்பியபோது வந்த 10 கில்டர் காசு. கில்டர் என்பது அந்நாட்டின் அன்றைய பணம். இதுவும் 6.729 கிராம், 900 தரம், 22.5 மில்லிமீட்டர். கண்டிப்பாகப் பார்த்தால் இது வணிகக் காசல்ல, நாட்டின் சட்டப் பணம். ஆனால் சேர்ப்பவர்கள் எல்லோரும் இதையும் சேர்த்தே வைக்கிறார்கள். கைக்கு எட்டும் விலையில் கிடைப்பதும் இதுதான். தொடங்குபவர் 1875, 1876, 1877 ஆகிய மூன்றில் ஒன்றை முதலில் வாங்கட்டும். ஏராளமாக அடிக்கப்பட்ட ஆண்டுகள் அவை. மூன்றாம் வில்லெம் அரசரின் தாடி வைத்த தலையோடு வரும் மற்ற ஆண்டுகள் 1879, 1880, 1885 முதல் 1889 வரை. 1888 போன்றவை குறைவாக அடிக்கப்பட்டதால் விலை கூடும். வில்ஹெல்மினா அரசியின் சிறுமி முகத்தோடு 1892 அல்லது 1895 என்று யாராவது காட்டினால் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள். அந்த இரண்டு ஆண்டுகளிலும் அடித்தவை மிகச் சொற்பம். ஊர்க் கடையில் வந்து நிற்கும் வாய்ப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

முத்திரை வாசிப்பது

பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ் போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, காசைத்தான் கிட்டக் கொண்டுவர வேண்டும். லென்ஸைக் காசுக்குக் கிட்டப் பிடித்துத் தலையைக் குனிந்தால் பாதி வட்டம் மங்கலாகவே தெரியும்.

சிறகு வைத்த கோலில் இரண்டு பாம்பு சுற்றிய அடையாளம் நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகர அக்கசாலையை, அதாவது காசு அடிக்கும் இடத்தைக் குறிக்கும். 1830இல் பெல்ஜியம் பிரிவதற்கு முன் பிரசல்ஸிலும் அடித்தார்கள். அவற்றில் B என்ற இலத்தீன் எழுத்து இருக்கும். இதோடு அக்கசாலைத் தலைவரின் அடையாளம் ஒன்றும் வரும். அதுதான் காலத்தைக் காட்டிக் கொடுப்பது. முதலாம் வில்லெம் காலத்தில் பெரும்பாலும் தீப்பந்தம். 1840 முதல் 1846 வரை லில்லிப் பூ. 1846 முதல் 1874 வரை வாள். 1875 முதல் 1887 வரை கோடரி. 1888 முதல் நூற்றாண்டின் முடிவு தாண்டியும் நீண்ட கைப்பிடி வைத்த ஈட்டிக் கோடரி. ஆண்டும் அடையாளமும் ஒத்துப்போகாவிட்டால், உதாரணமாக 1885 என்ற ஆண்டோடு தீப்பந்தம் இருந்தால், அது போலி. போலி செய்பவர்கள் ஒரு காசிலிருந்து வார்ப்பு எடுத்து ஆண்டை மட்டும் மாற்றும்போது இந்தத் தவறை விடுகிறார்கள்.

டூகாட்டின் பின்பக்கம் ஒரு அலங்காரச் சதுரம். அதற்குள் இலத்தீன் எழுத்து. அதில் "பெல்ஜி" என்று வருவதைப் பார்த்து "இது பெல்ஜியம் காசு" என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். இலத்தீனில் அது நெதர்லாந்தையும் சேர்த்து அந்தத் தாழ்நிலம் முழுவதற்கும் வழங்கிய பெயர். பெல்ஜியம் தனிநாடான பிறகு அடித்த டூகாட்டிலும் அது அப்படியே இருக்கிறது. வீரனைச் சுற்றி "கொன்கோர்டியா ரெஸ் பார்வே கிரெஸ்குண்ட்" என்று இருக்கும். ஒற்றுமை இருந்தால் சிறியதும் வளரும் என்று பொருள். எழுத்துகள் சுருக்கப்பட்டும் வரலாம்.

நெப்போலியனின் தம்பி லூயி ஒல்லாந்தின் அரசராக இருந்த சில ஆண்டுகளில் மட்டும் ஒரு மாற்றம் உண்டு. 1808 முதல் 1810 வரை வீரனுக்குப் பதில் அவருடைய தலை பொறித்த டூகாட்டும் வந்தது. அது விலை கூடிய காசு. போலியும் அதற்கேற்ற அளவு உண்டு.

ஒல்லாந்தக் காசு, ஆனால் ஒல்லாந்தில் அடித்ததல்ல

இந்தத் துறையில் ருசியான இடம் இதுதான். 1730களிலிருந்து ரஷ்ய அரசு தன் சென் பீட்டர்ஸ்பேர்க் அக்கசாலையில் ஒல்லாந்த டூகாட்டை இரகசியமாக அடித்தது. வெளிநாட்டில் இருக்கும் படைகளுக்குச் சம்பளம் கொடுக்கவும், பிற நாடுகளில் கணக்குத் தீர்க்கவும், எல்லோரும் ஏற்கும் காசு தேவைப்பட்டது. அக்கசாலைக் கணக்குப் புத்தகத்தில்கூடப் பெயர் எழுதாமல் "அந்தத் தெரிந்த காசு" என்றே எழுதினார்கள். தங்கத்தில் ஏமாற்றவில்லை. நல்ல தங்கம்தான், அடித்த இடம்தான் வேறு. ஒல்லாந்து டூகாட் அடிப்பதைக் குறைத்துக்கொண்ட பிறகும் 1849 என்ற ஆண்டையே பொறித்துத் தொடர்ந்து அடித்தார்கள். நெதர்லாந்தின் எதிர்ப்புக்குப் பிறகு 1868 அளவில்தான் நிறுத்தினார்கள்.

இதனால் 1849 டூகாட் கைக்கு வந்தால், அது ரஷ்யாவில் பிறந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதைப் போலி என்று சொல்லி ஒருவர் விலையைக் குறைக்கப் பார்த்தால் நம்ப வேண்டாம். ரஷ்யக் காசு சேர்ப்பவர்களும் இதைத் தேடுகிறார்கள். அதேபோல, "இது ஒல்லாந்தில் அடித்த அசல் 1849" என்று சொல்லி விலையை ஏற்றுவதையும் ஏற்க வேண்டாம்.

இன்னொன்று 1831. போலந்து மக்கள் ரஷ்யாவுக்கு எதிராக எழுந்தபோது வார்சோவிலும் ஒல்லாந்த டூகாட் அடித்தார்கள். எல்லாம் ஒல்லாந்துக் காசு மாதிரியே இருக்கும். வீரனின் தலைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டுக் கழுகு மட்டும் கூடுதலாக இருக்கும். 1831 டூகாட் எது வந்தாலும் கழுகைத் தேடாமல் கையை விட்டு விடாதீர்கள். விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. சாதாரண 1831 காசில் கழுகைச் செதுக்கி ஒட்டும் வேலையும் நடப்பதுண்டு. கழுகைச் சுற்றிய தரை மற்ற இடத்தைவிடப் பளபளப்பாகவோ பள்ளமாகவோ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

நிறுத்துப் பார்ப்பது

உரைகல்லில் தேய்க்க விடக் கூடாது. பத்தர் பழக்கத்தில் காசை வாங்கி விளிம்பை ஒரு இழு இழுத்துவிடுவார். தங்கம் நல்லது என்று தெரியும், காசு கெட்டுப்போகும். கடைக்குள் போகும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். அமிலப் பரிசோதனைக்கும் இதே விதி.

பதிலாக, மில்லிகிராம் காட்டும், 50 கிராம் வரை தாங்கும் தராசொன்று வாங்குங்கள். கூடவே அகலமும் கனமும் அளக்க ஒரு வேர்னியர், ஒரு நல்ல காந்தம். காந்தம் ஒட்டினால் அங்கேயே கதை முடிந்தது. ஒட்டாததால் மட்டும் தங்கம் ஆகிவிடாது.

முதலில் வெறும் எடை. டூகாட் 3.494 கிராமில் ஒரு சில சத கிராம் (ஒரு சத கிராம் என்பது கிராமில் நூறில் ஒரு பங்கு) குறைந்திருந்தால் புழக்கத் தேய்மானம். 3.40க்குக் கீழே போனால் விளிம்பை அரத்தால் தேய்த்திருக்கிறார்கள், அல்லது காசே வேறு. எடை கூடியிருந்தால் இன்னும் மோசம். பற்றாசு (நகையை ஒட்ட உருக்கி வைக்கும் கலவை) ஒட்டியிருக்கலாம், அல்லது போலி.

பிறகு தண்ணீர்ப் பரிசோதனை. பாணி மருந்துப் போத்தலோடு வரும் சின்னப் பிளாஸ்டிக் கப்பில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தராசில் வையுங்கள். தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய நைலோன் நூலில் சுருக்குப் போட்டுக் காசை நிமிர்ந்த வாக்கில் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழுவதும் மூழ்க வேண்டும், அடியிலோ பக்கத்திலோ முட்டக் கூடாது. அப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும்.

டூகாட்டுக்குத் தராசு 0.184 அளவில் காட்ட வேண்டும், அடர்த்தி 19க்குக் கிட்ட வரும். 10 கில்டருக்கு 0.39 அளவில் காட்டி, அடர்த்தி 17.2க்குக் கிட்ட வரும். அதே எடையில் தங்கமுலாம் பூசிய பித்தளை டூகாட் என்றால் 0.4 காட்டும். அதை மறைக்கவே முடியாது.

நகைத் தராசு எனக் கடையில் வைத்திருக்கும் சத கிராம் தராசு டூகாட்டுக்குப் போதாது. அது 0.18 என்றோ 0.19 என்றோதான் காட்டும். ஒன்றுக்கு 19.4, மற்றதற்கு 18.4 என்று விடை தாவும். 22 கரட்டில் செய்த போலி 0.197 அளவில் காட்டும். சத கிராம் தராசால் இரண்டையும் நிச்சயமாகப் பிரிக்க முடியாது. எண் கூடி வந்தால் பெரும்பாலும் காசு அடியில் முட்டியிருக்கும். காசில் காற்றுக் குமிழி ஒட்டினாலும் எண் கூடும், அடர்த்தி குறைவாகத் தெரியும். சவர்க்காரத் துளி அதற்குத்தான். எண் நிலைக்காமல் ஆடினால் ஜன்னலைச் சாத்துங்கள். மலைக்காற்று மில்லிகிராம் தராசை நிம்மதியாக விடாது. மூன்று முறை செய்து சராசரி எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி 19.25. முலாம் பூசிய டங்ஸ்டன், 10 கில்டர் போலியில் உடனே காட்டிக் கொடுக்கும், ஏனென்றால் அங்கே 17.2தான் வர வேண்டும். டூகாட்டில் அது கிட்டத்தட்ட ஒத்துப்போகும். அதனால் டூகாட்டை அடர்த்தியை மட்டும் வைத்து நம்பக் கூடாது. அசல் தங்கத்திலேயே சரியான எடையில் செய்த போலியும் உண்டு. அவற்றைத் தராசு ஒருபோதும் பிடிக்காது. வெறும் தரைப்பகுதி மணல் மாதிரிச் சொரசொரப்பாக இருப்பது, எழுத்தின் ஓரம் சவர்க்காரக் கட்டி மாதிரி மழுங்கியிருப்பது, ஒரே இடத்தில் ஒரே புடைப்பு இரண்டு காசில் வருவது ஆகியவற்றை லென்ஸ்தான் பிடிக்கும்.

காது ஒட்டின காசு

மலையகத்தில் பழைய தங்கக் காசு வருவது பெரும்பாலும் கழுத்திலிருந்துதான். அப்பாயி போட்ட சங்கிலியில் தொங்கியது, காசுமாலையில் கோத்தது, புரோச்சாகப் பின்னால் ஊசி வைத்தது. காது என்னும் தொங்கவிடும் வளையத்தைக் கழற்றி, அரத்தால் தேய்த்து, மெருகேற்றி, "புதுசு மாதிரி" என்று விற்பார்கள். விளிம்பை விளக்குக்கு எதிரே பிடித்து மெல்லச் சுற்றுங்கள். மேலே, வீரனின் தலைக்கு நேராக, ஒரு இடத்தில் மட்டும் வரிகள் அழிந்திருக்கிறதா, நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறதா, எழுத்தின் மேல் மினுங்கும் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். பற்றாசு தரம் குறைந்த கலவை என்பதால் அந்த இடம் வேறு மஞ்சளாகவே நிற்கும்.

இப்படிப்பட்ட காசைத் தங்க விலைக்கு மேல் வாங்க வேண்டாம். ஆனால் அரிய ஆண்டாக இருந்தால், நல்லது கிடைக்கும்வரை அந்த இடத்தை நிரப்ப இது போதும். வீட்டில் இன்னும் காதோடு இருக்கும் காசு என்றால் கழற்றவே வேண்டாம். வெட்டி எடுத்தால் காயம் இரண்டாகும்.

வளைந்த டூகாட்டை நிமிர்த்தி விற்பதும் உண்டு. கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஒரு ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஆடினால் ஒரு காலத்தில் வளைந்தது.

விலை போடுவது

இங்கே நகைக்கடை பவுண் கணக்கில் பேசும். ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்றால் அதில் சுத்தத் தங்கம் 7.333 கிராம். டூகாட்டில் சுத்தத் தங்கம் 3.435 கிராம், 10 கில்டரில் 6.056 கிராம். ஆகவே அன்றைய 22 கரட் பவுண் விலையை 0.468ஆல் பெருக்கினால் டூகாட்டின் தங்க விலை, 0.826ஆல் பெருக்கினால் 10 கில்டரின் தங்க விலை. 24 கரட் பவுண் விலை சொன்னால் 0.429, 0.757. இந்த நான்கு எண்ணையும் தொலைபேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பணம் போவது இந்த இடத்தில்தான். 10 கில்டர் காசு ஆங்கிலேயரின் ராணித் தலைப் பவுண் காசைவிட அகலத்தில் அரை மில்லிமீட்டர் அளவு பெரியது. பார்ப்பவர் "இதுவும் ஒரு பவுண்தானே" என்று நினைத்துப் பவுண் விலை கொடுத்துவிடுகிறார். பவுண் காசு 7.988 கிராம், இது 6.729 கிராம், தரமும் குறைவு. மறுபக்கம், டூகாட்டை "அரைப் பவுணுக்கும் குறைவு" என்று எடையை மட்டும் சொல்லி 22 கரட் கணக்கில் எடுக்கப் பார்க்கும் கடைகளும் உண்டு. 23.6 கரட் என்பதைச் சொல்லிக் கணக்குக் கேளுங்கள்.

இன்றைக்கும் நெதர்லாந்து அக்கசாலை அதே வீரனோடு, அதே எடையில் டூகாட் அடிக்கிறது. கண்ணாடி போல மினுங்கும் ஒன்றைக் கண்டால் ஆண்டை இரண்டு தடவை வாசியுங்கள். 1986ஐ 1886 என்று சொல்லி விற்பது பெரிய வித்தை அல்ல.

வாங்கும்போது எடை, ஆண்டு, முத்திரை மூன்றையும் எழுதிய பற்றுச்சீட்டுக் கேளுங்கள். "தங்கக் காசு 1" என்று மட்டும் எழுதிய துண்டு பிறகு ஒன்றுக்கும் உதவாது.

மண்ணிலிருந்து வந்தால்

கான் வெட்டும்போதோ லயத்துக்கு அத்திவாரம் தோண்டும்போதோ காசு கிடைத்தால் அது சேர்ப்பவரின் சொத்தல்ல. புதையல் பற்றியும் தொல்பொருள் பற்றியும் தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. கிராம உத்தியோகத்தரிடமோ பொலிசிலோ அறிவிக்க வேண்டும். தொல்பொருள் சட்டத்தின் எல்லை நாள் 1815 மார்ச் 2, கண்டி உடன்படிக்கை கையெழுத்தான அதே நாள். அதற்கு முந்திய பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவை. 1814 டூகாட்டையும் 1817 டூகாட்டையும் ஒரே பையில் போட்டுச் சென்னைக்குக் கொண்டுபோக நினைப்பவர் இதை முதலில் யோசிக்கட்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதைச் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். சாதாரணக் கடித உறையில் தங்கக் காசு அனுப்பச் சொல்லாதீர்கள்.

ஈரமும் பெட்டியும்

டூகாட்டை மூடுபனி ஒன்றும் செய்யாது. 900 தரக் காசில் மட்டும் பத்தில் ஒரு பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. சில காசில் செம்புத் திட்டு சிவப்புப் புள்ளியாக மேலே வரும். அது குறையல்ல, கிளறாமல் விடுங்கள். ஈரம் கெடுப்பது காசைவிட உறையைத்தான். அட்டை உறையில் அடித்த ஸ்டேப்பிள் கம்பி நுவரெலியா மழைக்காலத்தில் துருப்பிடித்து, கழற்றும்போது காசைக் கீறும். மென்மையான பிவிசி உறை பச்சைப் பிசுபிசுப்பு விடும். கடினமான அக்ரிலிக் குமிழில், டூகாட்டுக்கு 21, 10 கில்டருக்கு 22.5 மில்லிமீட்டர் அளவில் போட்டு, மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வெயில் அடிக்கும் நாளில் காயவைக்கலாம், அல்லது சட்டியில் மெல்லிய சூட்டில் வறட்டலாம்.

புளி, திருநீறு, பற்பசை எதுவும் காசின் பக்கம் வரக் கூடாது. இவை தங்கத்தை மினுக்கும், கூடவே நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறலும் போடும். அடித்த நாளின் மினுக்கம் போனால் திரும்பாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, வடித்த தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேறு, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அசிட்டோனை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

படம் எடுக்க மலையகம்தான் நல்ல இடம். மூடுபனி நாளின் நடுப்பகல் வெளிச்சத்தில் காசில் கண்கூசும் வெள்ளைத் திட்டு விழாது. ஜன்னலோரம் சாம்பல் நிறத் துணியில் வைத்து, முன், பின், விளிம்பு என்று மூன்று படம் எடுத்து, எடையையும் தண்ணீர்ப் பரிசோதனை எண்ணையும் அதோடு எழுதி வையுங்கள். விளிம்புப் படத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். காது ஒட்டின அடையாளம் இருக்கிறதா இல்லையா என்று பிறகு வாங்க வருபவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.